ஸ்கூட்டருக்கு ஒரு நியாயம், சிம்னிக்கு ஒரு நியாயமா?

போன மாதம் என் ஸ்கூட்டருக்குப் பதினைந்து வயது முடிந்தது. 2010-இல் ஓய்வு பெற்றபோது கையில் வந்த பணத்தில் நான் முதலில் வாங்கிய பொருள் அதுதான். பதினைந்து வருடம் ஆகிவிட்டால் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் புகைச் சான்றும் வேண்டும். மந்தாரக்குப்பம் பக்கம் ஒரு பழைய வேனுக்குள் கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு பரிசோதனை செய்கிற தம்பியிடம் வண்டியைக் கொண்டுபோனேன்.

"சார், ஆக்சிலேட்டரைத் தொடாதீங்க. சும்மா ஓடட்டும்" என்று சொல்லிவிட்டு, சைலன்சருக்குள் ஒரு குழாயை விட்டான். ஒரு நிமிடம் கம்ப்யூட்டரைப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான்.

"கார்பன் மோனாக்சைடு கூட இருக்கு சார். கார்புரேட்டரை டியூன் பண்ணி, ஏர் ஃபில்டரை மாத்திட்டு வாங்க."

மெக்கானிக்கிடம் போய் 450 ரூபாய் செலவழித்துவிட்டு மறுநாள் திரும்பப் போனேன். பாஸ். அவன் சான்றிதழை அச்சடித்துக்கொண்டிருந்தபோது நான் வெளியே நின்று அண்ணாந்து பார்த்தேன். வானத்தில் நம் ஊர்ச் சிம்னி. நாற்பது வருடமாகப் பார்க்கிற அதே காட்சி. சும்மா இருக்க முடியாமல் கேட்டேன்.

"தம்பி, அதுக்கு யாருப்பா சர்டிபிகேட் கொடுக்கறது?"

அவனும் அண்ணாந்து பார்த்துச் சிரித்தான். "அதுக்குள்ள விடற அளவுக்கு எங்கிட்ட பைப் நீளம் பத்தாது சார்."

அவன் விளையாட்டாகச் சொன்னது ஒரு வாரமாக என் மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டு அடுப்பு எரிந்ததும், பிள்ளைகள் படித்ததும், இன்று வரும் பென்ஷனும் அந்தச் சிம்னியின் அடியிலிருந்துதான். ஜம்புலிங்க முதலியார் கிணறு தோண்டும்போது கறுப்பாக வந்ததைப் பார்த்து விடாமல் முயற்சி செய்ததும், காமராஜர் டெல்லி வரை போய்ப் போராடியதும், 1957 மே மாதம் நேரு வந்து சுரங்கத்தைத் தொடங்கி வைத்ததும் இந்த ஊரில் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் தெரியும். அந்த வரலாற்றின் சோற்றைத் தின்றவன் நான். ஆகவே இதைப் படித்துவிட்டு, "சாப்பிட்ட இலையிலேயே குறை சொல்கிறான்" என்று என் பழைய சகாக்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். பொறுமையாகக் கடைசி வரை படியுங்கள்.

நான் பிழைப்புக்கு வந்த இடம் உர ஆலை. அறுபதுகளில் தொடங்கிய ஆலை அது. பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். ஆரம்பத்தில் பழுப்பு நிலக்கரியையே வாயுவாக்கினார்கள். பின்னாளில் எரிபொருள் எண்ணெயை வாயுவாக்கினார்கள். அதிலிருந்து ஹைட்ரஜன், ஹைட்ரஜனோடு காற்றிலுள்ள நைட்ரஜனைச் சேர்த்து அம்மோனியா, அம்மோனியாவிலிருந்து யூரியா. நான் ஆய்வகத்தில் கெமிஸ்ட்.

ஹைட்ரஜனும் நைட்ரஜனும் சும்மா ஒரு பாத்திரத்தில் இருந்தால் ஆயிரம் வருடம் ஆனாலும் ஒன்றையொன்று திரும்பிப் பார்க்காது. சூடும் அழுத்தமும் கொடுத்து, நடுவில் இரும்பாலான கறுப்புச் சில்லுகளை வைத்தால் சேரும். அந்தச் சில்லுகளை ஆலையில் நாங்கள் கேட்டலிஸ்ட் என்போம். நான் பள்ளியில் படித்தபோது 'கிரியா ஊக்கி'. இப்போது பேரப்பிள்ளைகளின் புத்தகத்தில் வினையூக்கி, வினைவேக மாற்றி என்று பல பெயர்கள்.

புரியாதவர்களுக்கு நான் மாட்டுச் சந்தைத் தரகரைச் சொல்வது வழக்கம். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் நின்று, துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசி முடிப்பார். வியாபாரம் முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த ஜோடியிடம் போய்விடுவார். மாடும் அவருக்கு இல்லை, பணமும் அவருக்கு இல்லை. ஆனால் அவர் இல்லாமல் வியாபாரம் நடக்காது. வினையூக்கியும் அப்படித்தான். தான் கரையாமல் ஆயிரக்கணக்கான ஜோடிகளைச் சேர்த்துவைக்கும், அல்லது பிரித்துவைக்கும்.

அதற்கும் ஒரு எதிரி உண்டு. துண்டுக்குள் கையை விட்ட ஒருவர் தரகரின் விரலை விடவே மாட்டேன் என்றால் அன்றைய சந்தை அவ்வளவுதான். எங்கள் கேட்டலிஸ்ட்டுக்குக் கந்தகம் அப்படிப்பட்ட ஆள். வாயுவில் மிகச் சிறிய அளவு கந்தகம் தப்பி வந்தாலும் இரும்பின் மேல் ஒட்டிக்கொண்டு இறங்காது. கெமிஸ்ட்டுகளான எங்கள் தலையாய வேலையே வாயுவில் கந்தகம் இருக்கிறதா என்று காவல் காப்பதுதான். "கேட்டலிஸ்ட்டுக்கு விஷம் வெச்சிடாதீங்கப்பா" என்பார் எங்கள் ஷிப்ட் இன்சார்ஜ். எங்கள் மொழியில் அது உண்மையாகவே 'விஷம்'தான்.

இந்த விஷக் கதைதான் உலகத்தில் கார்ப் புகையின் கதையும்.

யூஜின் ஹூட்ரி என்று ஒரு பிரெஞ்சுப் பொறியாளர். கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல் பிரிக்க வினையூக்கியைப் பயன்படுத்திக் காட்டியவர். அமெரிக்காவுக்குப் போனார். கார்ப் புகையால் நகரங்களில் மூச்சு முட்டுவதைப் பார்த்து, தன்னுடைய கலையை அதற்கும் பயன்படுத்த நினைத்தார். 1950-களில், கார்ப் புகையைச் சுத்தமாக்கும் வினையூக்கிக் கருவியை உருவாக்கிக் காப்புரிமையும் பெற்றார். ஆனால் காரில் பொருத்த முடியவில்லை. அந்தக் காலப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. ஈயம் வினையூக்கியின் மேல் படிந்து அதைக் கொன்றுவிட்டது.

கருவி இருந்தது, அறிவு இருந்தது. பெட்ரோலிலிருந்து ஈயத்தை எடுக்கச் சொல்லும் சட்டம்தான் இல்லை. அமெரிக்கா 1970-இல் காற்றுச் சட்டத்தைக் கடுமையாக்கிய பிறகுதான், 1975 முதல் அங்கே கார்களில் அந்தக் கருவி பரவலாக ஏறியது. ஹூட்ரி அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

நம் நாட்டில் என்ன நடந்தது? 1995 ஏப்ரலில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் மட்டும் புதிய கார்களுக்குக் கேட்டலிடிக் கன்வர்ட்டர் கட்டாயமானது. ஈயமில்லாத பெட்ரோலும் வந்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நின்றது. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் ஆறு. அதில் பெருநகரம், சிற்றூர் என்ற பேதமே இல்லை. சென்னை அண்ணா சாலையில் விற்கிற வண்டிக்கும் பண்ருட்டியில் விற்கிற வண்டிக்கும் ஒரே விதி.

அதாவது வண்டி விஷயத்தில் சட்டம் நகரத்தில் பிறந்து கிராமம் வரை நடந்து வந்தது. இந்தத் திசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

அந்தக் கன்வர்ட்டருக்குள் தேன்கூடு போன்ற ஒரு பீங்கான். அதன் அறைகளில் பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம் பூசியிருப்பார்கள். கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் ஒருசேர மாற்றும். மூன்று உலோகங்களும் தங்கத்தோடு போட்டி போடும் விலையுள்ளவை. பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வரவேண்டும்.

இந்த இடத்தில்தான் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் எம்.எஸ்.ஹெக்டேயைச் சொல்ல வேண்டும். திடநிலை வேதியியல் துறைக்காரர். எல்லோரும் விலையுயர்ந்த உலோகத்தை மிகச் சிறிய துகள்களாக ஆக்கி, ஒரு ஆக்சைடின் மேல் தூவிக்கொண்டிருந்தார்கள். தூவிய துகள் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகிவிடும். உள்ளே மாட்டிக்கொண்ட அணுக்களுக்கு வேலையே இல்லை. சம்பளம் மட்டும் உண்டு! ஹெக்டேயும் அவரோடு சேர்ந்தவர்களும் வேறு மாதிரி யோசித்தார்கள். பல்லாடியத்தை மேலே தூவாமல், சீரியம் ஆக்சைடின் அணுக்கட்டத்துக்குள்ளேயே, நூற்றுக்கு ஒன்றிரண்டு சீரியம் இருக்க வேண்டிய இடத்தில், அயனியாக உட்காரவைத்தார்கள். அப்படி உட்கார்ந்தால் ஒவ்வொரு அணுவும் தனித்தனியாக வேலை செய்யும். ஒட்டிக்கொள்ளவும் வழியில்லை. மிகக் குறைந்த பல்லாடியத்திலேயே கார்பன் மோனாக்சைடு எரிந்தது, நைட்ரஜன் ஆக்சைடு உடைந்தது. அதைத் தேன்கூட்டுப் பீங்கானில் பூசியும் காட்டினார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு இரண்டு சந்தோஷங்கள். ஒன்று, சீரியம் வெளிநாட்டுச் சரக்கு அல்ல. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலுள்ள மோனசைட்டில் அது இருக்கிறது. இரண்டாவது, அவர்கள் அதைச் செய்த முறை. அதே கழகத்தின் பேராசிரியர் கே.சி.பாட்டீல் 1980-களில் கண்டுபிடித்த வழி அது. உலோக நைட்ரேட்டை நீரில் கரைத்து, எரிபொருளாக ஒரு நைட்ரஜன் சேர்மத்தைக் கலந்து, சூடான அடுப்பில் வைத்தால் கொதித்து, நுரைத்து, பக்கென்று தீப்பிடித்து, சில நிமிடங்களில் பஞ்சு போன்ற ஆக்சைடு வந்துவிடும். பாட்டீல் இப்படி அலுமினா செய்தபோது அந்த எரிபொருளாக எதைப் போட்டார் தெரியுமா? யூரியா! நாம் சாக்குச் சாக்காக லாரியில் ஏற்றி அனுப்பிய அதே வெள்ளைக் குருணை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹெக்டே ஓய்வுக்குப் பிறகு சித்ரதுர்கா மாவட்டத்துச் சள்ளக்கெரெ அருகே உள்ள அறிவியல் கழக வளாகத்தில், பள்ளி, கல்லூரி ஆசிரியர்களுக்கு அறிவியல் சோதனைகளைக் கற்றுத்தரும் பயிற்சி மையத்தை நடத்தினார். தான் கண்டுபிடித்ததை விட, கண்டுபிடிக்கும் பழக்கத்தை அடுத்தவருக்குக் கொடுப்பது பெரிது என்று நினைத்திருக்க வேண்டும். ஓய்வு பெற்றவர்களான நமக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது.

நம் தமிழ்நாட்டிலும் இதற்குக் குறைவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் வினையூக்க ஆய்வுக்கென்றே ஒரு தேசிய மையம் 2006-இல் பேராசிரியர் பா.விஸ்வநாதன் முன்னின்று தொடங்கியது. ஆகவே அறிவுக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது.

இப்போது சிம்னிக்கு வருவோம்.

அனல் மின்நிலையப் புகையில் கவலைப்பட வேண்டியவை முக்கியமாக மூன்று: தூசி, கந்தக டையாக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள். தூசியைப் பிடிக்க மின்னூட்ட வீழ்படிவிக் கருவிகள் இருக்கின்றன. வெளியே கரும்புகை தெரியாததற்கு அதுதான் காரணம். மற்ற இரண்டும் கண்ணுக்குத் தெரியாத வாயுக்கள். காற்றில் போகப் போக அவை சல்பேட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாறி, நுரையீரலின் அடிவரை போகக்கூடிய நுண்துகள் ஆகின்றன. அதனால் "புகையே தெரியலையே" என்று நாம் சமாதானம் அடைவது ஆய்வகக்காரன் ஒத்துக்கொள்ளக்கூடிய வாதம் அல்ல.

கந்தகத்தைப் பிடிக்க வினையூக்கி தேவையில்லை. சுண்ணாம்புக்கல் போதும். சுண்ணாம்புக்கல் கரைசலைப் புகையில் தெளித்தால் கந்தகம் ஜிப்சமாக இறங்கிவிடும். சுண்ணாம்புக்கல் நமக்குப் பக்கத்து அரியலூரிலேயே கிடைக்கிறது. ஜிப்சத்தை வாங்கிக்கொள்ள அங்கேயே சிமெண்ட் ஆலைகள் இருக்கின்றன. நம் ஊரிலேயே இரண்டாம் அனல் நிலைய விரிவாக்கத்தின் இரண்டு 250 மெகாவாட் அலகுகளில், கொதிகலனுக்குள்ளேயே சுண்ணாம்புக்கல்லைப் போட்டு எரிக்கும் சுழல் படுகை முறை இருக்கிறது. ஆகவே இது நமக்குப் புதிய பேச்சும் அல்ல.

நைட்ரஜன் ஆக்சைடுக்குத்தான் வினையூக்கி. புகையில் கொஞ்சம் அம்மோனியாவைச் செலுத்தி, சுமார் 300 முதல் 400 டிகிரி சூட்டில், டைட்டானியம் ஆக்சைடில் வனேடியம் ஏற்றிய தேன்கூட்டின் வழியே விட்டால், நைட்ரஜன் ஆக்சைடும் அம்மோனியாவும் சேர்ந்து வெறும் நைட்ரஜனும் தண்ணீரும் ஆகிவிடும். 1970-களிலேயே ஜப்பான் இதை ஆலைகளில் பொருத்தத் தொடங்கியது. கந்தகம் இருந்தாலும் தாக்குப்பிடிக்கும் வினையூக்கி என்பதால்தான் வனேடியத்தையும் டைட்டானியத்தையும் தேர்ந்தெடுத்தார்கள். அந்த டைட்டானியத்தின் தாதுவான இல்மனைட்டும் அதே மணவாளக்குறிச்சி மணலில் இருக்கிறது.

அம்மோனியாவை நேரடியாகக் கையாள்வது ஆபத்து என்றால் யூரியாவைக் கரைத்துச் சூடாக்கி அம்மோனியா எடுத்துக்கொள்ளலாம். இன்று ஓடும் புதிய லாரிகளிலும் பஸ்களிலும் டீசல் டேங்குக்குப் பக்கத்தில் நீல மூடி போட்ட இன்னொரு சின்ன டேங்க் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதில் ஊற்றுவது 32.5 சதவீத யூரியாக் கரைசல். செய்யும் வேலை இதேதான். பழுப்பு நிலக்கரியிலிருந்து யூரியா செய்த ஊர் இது. அந்த நிலக்கரியின் புகையைச் சுத்தம் செய்யும் மருந்தும் அதே யூரியா என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது.

சரி, சட்டம் என்ன சொன்னது?

2015 டிசம்பர் 7-ஆம் தேதி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் நாட்டிலுள்ள எல்லா அனல் நிலையங்களுக்கும் தூசி, கந்தக டையாக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு, பாதரசம் ஆகியவற்றுக்கு அளவுகளை நிர்ணயித்தது. இரண்டு வருடத்தில் நிறைவேற்ற வேண்டும் என்றது. 2017 வந்தது. கெடு 2022-க்குத் தள்ளிப்போனது. பிறகு 2024 என்றார்கள், 2026 என்றார்கள், 2029 வரை போனது. இடையில் 2004 முதல் 2016 வரை நிறுவப்பட்ட அலகுகளுக்கு நைட்ரஜன் ஆக்சைடு அளவை ஒரு கன மீட்டருக்கு 300 மில்லிகிராமிலிருந்து 450 ஆக உயர்த்தினார்கள். கடைசியாக 2025 ஜூலையில் புது அறிவிப்பு வந்தது. தலைநகர் பகுதிக்கோ, பத்து லட்சம் மக்களுக்கு மேல் உள்ள நகரங்களுக்கோ 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலையங்களுக்குத்தான் கந்தக டையாக்சைடு விதி நிச்சயமாக உண்டு. மாசு மிகுந்த வேறு சில இடங்களில் தனித்தனியாக ஆராய்ந்து முடிவு செய்வார்கள். மீதி, நான்கில் மூன்று பங்குக்கும் மேல், புகைபோக்கி குறிப்பிட்ட உயரம் இருந்தால் போதும் என்று விலக்குப் பெற்றன.

இப்போது நான் மனதில் வைத்துக்கொள்ளச் சொன்ன திசையை எடுங்கள். வண்டிச் சட்டம் நான்கு பெருநகரங்களில் தொடங்கி நாடு முழுவதும் விரிந்தது. சிம்னிச் சட்டம் நாடு முழுவதுக்கும் தொடங்கிப் பெருநகரங்களின் பக்கமாகச் சுருங்கிவிட்டது. ஒன்று முன்னால் நடந்தது, மற்றொன்று பின்னால் நடந்தது. அறிவியல் இரண்டுக்கும் ஒன்றுதான்.

விலக்குக் கொடுத்தவர்கள் பக்கத்திலும் வாதங்கள் உண்டு. அவற்றையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையாக எழுதியதாகாது.

முதல் வாதம், இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு, ஊர்க்காற்றில் கந்தக டையாக்சைடு அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறது என்பது. நம் பழுப்பு நிலக்கரியிலும் கந்தகச் சதவீதம் பெரிதல்ல. ஆனால் சதவீதத்தை மட்டும் பார்த்தால் போதாது. நம் நிலக்கரியில் ஏறக்குறைய பாதி தண்ணீர். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எரிக்க வேண்டும். ஒரு கணக்குக்காக, கந்தகம் 0.7 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் டன் எரித்தால் 7 டன் கந்தகம். அது ஆக்சிஜனோடு சேரும்போது எடை இரட்டிப்பாகும்: 14 டன் வாயு. கொஞ்சம் சாம்பலோடு நின்றாலும் மீதி மேலேதான் போகும். ஊர்க்காற்றில் வாயுவாக அளந்தால் குறைவாகத் தெரியலாம். நுண்துகளாக மாறியபின் அது வேறு தலைப்பில் அல்லவா கணக்கில் வருகிறது?

இரண்டாவது, செலவு. உண்மைதான். அது மின்கட்டணத்தில் வந்து விழும். ஆனால் என் 450 ரூபாயும் செலவுதான். அப்போது யாரும் "பாவம் பென்ஷன்காரர், விட்டுவிடுவோம்" என்று சொல்லவில்லை. சொல்லவும் கூடாது.

மூன்றாவது வாதம் நைட்ரஜன் ஆக்சைடு வினையூக்கியைப் பற்றியது. வெளிநாட்டு வினையூக்கி நம் நிலக்கரிச் சாம்பலுக்குத் தாங்காது என்பது. வட இந்திய நிலக்கரியில் 30, 40 சதவீதம் சாம்பல். அது மணல்காகிதம் போலத் தேன்கூட்டைத் தேய்த்துவிடும். என்.டி.பி.சி. நிறுவனம் தன் நிலையங்களில் சிறிய அளவில் சோதித்துப் பார்த்ததும் இதை அறியத்தான். இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் நெய்வேலி நிலக்கரியில் சாம்பல் பொதுவாக 10 சதவீதத்துக்குள்தான். தேய்மானம் இங்கே சிறிய பிரச்சினை. பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் உள்ள கால்சியமும் சோடியமும் வினையூக்கியை மூடிவிடும், விஷமாகும் என்பதுதான் இங்கே கேட்க வேண்டிய கேள்வி. அதற்குப் பதில் ஜப்பானில் கிடைக்காது. இங்கேதான் தேட வேண்டும்.

இதற்கு வினையூக்கியே வேண்டாமல்கூடப் போகலாம். நம் நிலக்கரியின் ஈரத்தால் தீயின் சூடு குறைவு, அதனால் நைட்ரஜன் ஆக்சைடும் குறைவாகப் பிறக்கும். ஜெர்மனியில் பழுப்பு நிலக்கரி நிலையங்கள் பெரும்பாலும் பர்னரையும் காற்றுவிடும் விதத்தையும் மாற்றியே தங்கள் நாட்டு விதிக்குள் வந்தன. அங்கே 1983-இல் கடுமையான விதி வந்தது. விதி வந்ததால் பொறியாளர்கள் மலிவான வழியைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். விதியைத் தளர்த்தினால் யார் தேடுவார்கள்?

இப்போது என் பங்கைச் சொல்கிறேன். உர ஆலை மூடியபின் நான் அனல் நிலைய ஆய்வகத்துக்கு வந்தேன். நிலக்கரி மாதிரியை எடுத்துக் குண்டுக் கலோரிமீட்டரில் எரித்து, கழுவிய நீரில் பேரியம் குளோரைடு விட்டால், கந்தகம் வெள்ளை வண்டலாக இறங்கும். வடிகட்டி, எரித்து, எடை போட்டு, பதிவேட்டில் இத்தனை சதவீதம் என்று எழுதுவேன். எத்தனை நூறு முறை எழுதியிருப்பேன்! உர ஆலையில் அதே கந்தகம் கேட்டலிஸ்ட்டை நெருங்காமல் இருக்கக் கண்விழித்துக் காவல் காத்தவன் நான். அனல் நிலையத்துக்கு வந்தபின், இந்தக் கந்தகம் எங்கே போகிறது என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. இரும்புச் சில்லுக்கு விஷம் என்று பதறியவன், மனிதனின் மூச்சுக்கு என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. இதில் வேறு யாரையும் நான் குற்றம் சொல்லவில்லை. அது என்னுடைய மறதி.

என் மனைவி இப்போது மார்கழி வந்தால் இன்ஹேலர் இல்லாமல் வாசலில் கோலம் போட முடிவதில்லை. டாக்டரிடம் காரணம் கேட்டேன். "பனி, தூசி, வயசு, எல்லாமும்தான் சார்" என்றார். சரியாகத்தான் சொன்னார். ஒரே ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு இதுதான் காரணம் என்று ஆய்வகக்காரன் முடிவு கட்டக்கூடாது. நானும் கட்டவில்லை. ஆனால் காரணங்களின் பட்டியலில் மனிதன் குறைக்கக்கூடியது எது என்று பார்த்தால், பனியையும் வயதையும் யாராலும் குறைக்க முடியாது.

ஆகவே நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை.

ஒன்று, சிம்னிகளில் தொடர்ந்து அளக்கும் கருவிகள் இருக்கின்றன. அந்த எண்களை, வீதியில் போகிறவருக்குப் புரியும்படி, தமிழில், இன்றைய அளவு இவ்வளவு, விதி இவ்வளவு என்று மெயின் பஜாரிலும் மந்தாரக்குப்பம் பஸ் நிலையத்திலும் ஒரு பலகையில் காட்ட வேண்டும். என் ஸ்கூட்டரின் அளவு சான்றிதழில் எல்லோரும் பார்க்கும்படி அச்சாகிறது அல்லவா?

இரண்டு, ஒரே ஒரு அலகின் புகையிலிருந்து ஒரு சிறு கிளையைத் திருப்பி, அதில் தேன்கூடுகளை வைத்து, நம் நிலக்கரிப் புகையில் எது எத்தனை மாதம் தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். அதைச் செய்ய ஐ.ஐ.டி. மையம் இருக்கிறது, பெங்களூர் இருக்கிறது, கடலூர் மாவட்டத்துக் கல்லூரிகளில் வேதியியல் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற கெமிஸ்ட்டுகள் நாங்களும் இருக்கிறோம், சம்பளமில்லாமல் வருவோம்.

மூன்று, 660 மெகாவாட் அளவில் புதிய அலகுகள் திட்டத்தில் இருக்கின்றன. வீடு கட்டும்போதே மாடிப்படிக்கு இடம் விடுவது போல, இவற்றுக்கெல்லாம் இடம் விட்டே கட்ட வேண்டும். கட்டி முடித்தபின் "இடமில்லை, செலவு அதிகம்" என்ற பேச்சு வரக்கூடாது.

நான்கு, இதுதான் முக்கியம். விதி ஊரின் மக்கள்தொகையைப் பார்க்கக்கூடாது. நெய்வேலியில் பத்து லட்சம் பேர் இல்லை. வடலூரிலும் இல்லை, சுற்றியுள்ள முந்திரிக்காட்டுக் கிராமங்களிலும் இல்லை. ஆனால் அங்கே மூச்சுவிடுகிற ஒவ்வொருவருக்கும் நுரையீரல் இரண்டுதான், சென்னைக்காரருக்கு இருப்பதைப் போலவே. அவர்கள் வீட்டு விளக்கு எரிய நம் ஊர் மின்சாரம் போகிறது. விதி மட்டும் அங்கேயே நின்றுவிட்டால் எப்படி?

உயரமான சிம்னி வாயுவைச் சுத்தம் செய்வதில்லை. தூரத்துக்கு அனுப்புகிறது. தூரத்திலும் யாரோ ஒருவர் வாசலில் கோலம் போட்டுக்கொண்டுதான் இருப்பார்.

சான்றிதழை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது அந்தத் தம்பி, "சார், ஆறு மாசம்தான் செல்லும். மறக்காம வந்துடுங்க" என்றான். மறக்க மாட்டேன். ஆறு மாதம் கழித்துப் போவேன், குழாயை விடச் சொல்வேன், தவறு இருந்தால் சரிசெய்து கொண்டுவருவேன். எழுபத்தைந்து வயதில் எனக்கு அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. நான் பெருமையோடு வேலை பார்த்த இடத்துக்கும் அதில் கௌரவக் குறைச்சல் வராது என்றுதான் நினைக்கிறேன்.